மைசூரு ரோட்டில் பிறக்கும் டொயோட்டா: ஒரு காரின் 30,000 பாகங்களைத் தருவது யார்?

பெங்களூருவிலிருந்து மைசூருக்குக் காரில் கிளம்பினால், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிடதி வந்துவிடும். டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை இங்கேதான் இருக்கிறது. 1999 டிசம்பரில் குவாலிஸில் தொடங்கி, இன்று இன்னோவா, ஹைரைடர் வரை இங்கிருந்து வெளியே வருகின்றன. ஆனால் ஒரு கார் இங்கே 'செய்யப்படுகிறது' என்பதைவிட, இங்கே 'ஒன்றுசேர்கிறது' என்று சொல்வதுதான் சரி.

கடைசி ஸ்க்ரூ வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் இருக்கும் என்பது டொயோட்டாவின் கணக்கு. அவற்றில் பெரும்பகுதியை அது செய்வதில்லை, வாங்குகிறது. யாரிடம், எப்படி? அதில் ஒன்று வரலேன்னா நஷ்டம் யார் தலையில் விழும்? நீங்கள் ஆட்டோ துறையில் இருந்தாலும் சரி, புக் பண்ணிய காருக்காகக் காத்திருந்தாலும் சரி, இது உங்களைத் தொடும் விஷயம்.

சப்ளையர்கள் எத்தனை அடுக்கு?

கார் கம்பெனிக்கு நேரடியாக விற்பவர்கள் முதல் அடுக்கு. துறையில் 'டியர்-1' என்பார்கள். சீட், பிரேக், ஸ்டீயரிங் என்று முழு அமைப்பாகவே கொடுப்பவர்கள் இவர்கள். பிடதியில் டொயோட்டா பொஷோகு சீட் செய்து தருவது ஒரு உதாரணம். அந்த சீட்டுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம், ஃபோம், துணி ஆகியவற்றைத் தருபவர்கள் இரண்டாம் அடுக்கு. அந்தச் சட்டத்துக்கான சிறு கம்பி, ஸ்பிரிங், போல்ட்டைச் செய்யும் பட்டறைகள் மூன்றாம் அடுக்கு.

மைசூருவில் கார் ஆலை கிடையாது. ஆனால் இந்த அடுக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல ஊர். ஹூட்டகள்ளியில் 1981-ல் தொடங்கிய ஆட்டோமோட்டிவ் ஆக்ஸில்ஸ், அசோக் லேலண்ட் போன்ற கம்பெனிகளின் லாரி, பஸ்களுக்கு ஆக்ஸில் செய்கிறது. கர்நாடக அரசின் கையில் இருந்த விக்ராந்த் டயர்ஸ், 1997-ல் ஜேகே டயர் வசம் போனது. பக்கத்து நஞ்சன்கூடில் ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் சர்க்யூட் போர்டு செய்கிறது. இரும்பு, ரப்பர், எலெக்ட்ரானிக்ஸ் மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

ஒரு சப்ளையர் எப்படித் தேர்வாகிறார்?

புது மாடல் ரோட்டுக்கு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே இது ஆரம்பித்துவிடும். வரைபடத்தையும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையையும் கொடுத்து, கம்பெனி கொட்டேஷன் கேட்கும். "உன் விலை என்ன?" என்று கேட்பதோடு நிற்காது. காரை என்ன விலைக்கு விற்க முடியும் என்று முதலில் முடிவு செய்து, லாபத்தைக் கழித்து, "இந்தப் பாகத்துக்கு இவ்வளவுதான் தர முடியும்" என்று பின்னாலிருந்து கணக்குப் போடும். இதற்கு 'டார்கெட் காஸ்ட்' என்று பெயர்.

அடுத்தது தரம். ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் இல்லாமல் பெரிய கம்பெனிகளின் கதவு திறப்பது கஷ்டம். ஆர்டர் கிடைத்த பிறகும் 'பிபிஏபி' என்ற சோதனை உண்டு. உண்மையான மெஷினில், உண்மையான ஆட்களை வைத்து, உற்பத்தி வேகத்திலேயே மாதிரிகளைச் செய்து, அளவுப் பதிவுகளோடு காட்ட வேண்டும். ஒரு நல்ல பீஸ் செய்துவிட்டால் போதாது, பத்தாயிரமாவது பீஸும் அப்படியே இருக்கும் என்று நிரூபிக்கணும்.

பாஸ் ஆகிவிட்டால், பொதுவாக அந்த மாடல் ஓடும் வரை ஆர்டர் இருக்கும். ஆனால் வருடா வருடம் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதும் இந்தத் துறையின் வழக்கம். ஸ்டீல் விலை ஏறினாலும், ஏதாவது ஒரு வேலையைச் சுருக்கித்தான் சப்ளையர் லாபம் பார்க்க வேண்டும்.

தினமும் பாகங்கள் எப்படி வந்து சேர்கின்றன?

டொயோட்டா முறையின் மையம் 'கான்பான்'. சூப்பர் மார்க்கெட்டில் ஷெல்ஃப் காலியாகும்போதுதானே அடுத்த பெட்டியை வைப்பார்கள்? அதுபோல, லைனில் ஒரு பெட்டி தீர்ந்ததும் அதிலிருந்த அட்டை பின்னால் போகும். அந்த அட்டைதான் அடுத்த ஆர்டர். தேவைக்கு மேல் ஒரு பெட்டிகூட வரக்கூடாது.

இதற்கு லாரிகள் சின்னச் சின்ன லோடோடு அடிக்கடி வரணும். ஒவ்வொரு சப்ளையரும் தனி லாரி அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் 'மில்க் ரன்'. ஊர் ஊராக நின்று பால் கேன் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி மாதிரி, ஒரே லாரி பல சப்ளையர்களிடம் நின்று பாகங்களை எடுத்துவரும். சீட் போன்ற பெரிய பொருளைச் செய்பவர்களோ ஆலைக்குப் பக்கத்திலேயே கடை விரிப்பார்கள். பிடதியில் டொயோட்டா டெக்னோ பார்க் இருப்பது இதற்காகத்தான்.

எல்லாமே பக்கத்து ஊரிலிருந்துதான் வருகிறதா?

இல்லை. 2004-ல் டொயோட்டா 'ஐஎம்வி' திட்டத்தைத் தொடங்கியபோது, இன்னோவா, ஹைலக்ஸ் வண்டிகளின் பாகங்களை நாடுவாரியாகப் பிரித்தது. டீசல் இன்ஜின் தாய்லாந்தில், பெட்ரோல் இன்ஜின் இந்தோனேசியாவில், மேனுவல் கியர்பாக்ஸ் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும். இந்தியாவின் பங்கைச் செய்தது பிடதியின் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆட்டோ பார்ட்ஸ். அதாவது, இந்த ரோட்டில் செய்த கியர்பாக்ஸ் கப்பலேறி வேறு கண்டங்களிலும் ஓடியது.

நாட்டின் கணக்கும் இதையே சொல்கிறது. உதிரிபாக உற்பத்தியாளர்கள் சங்கமான ஏசிஎம்ஏ தரவின்படி, 2023-24-ல் துறையின் மொத்த விற்பனை 6.14 லட்சம் கோடி ரூபாய். ஏற்றுமதி 21.2 பில்லியன் டாலர், இறக்குமதி 20.9 பில்லியன் டாலர். நாம் விற்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வாங்கவும் செய்கிறோம்.

ஒரே ஒரு பாகம் நின்றால்?

1997 பிப்ரவரி 1. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் ஆலை தீப்பிடித்தது. பிரேக்கில் போகும் 'பி-வால்வ்' என்ற சின்ன, மலிவான பாகத்தை டொயோட்டாவுக்குக் கிட்டத்தட்ட முழுவதும் கொடுத்தது அந்த ஆலைதான். கையில் ஸ்டாக் இல்லை. சில நாட்களுக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான உற்பத்தி நின்றது. வேறு பல கம்பெனிகள் தங்கள் மெஷின்களில் வால்வைச் செய்து கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் மீட்டன.

2011 நிலநடுக்கம் வேறொரு பாடம் சொன்னது. தனித்தனி டியர்-1 கம்பெனிகளிடம் வாங்கினாலும், கீழ் அடுக்கில் எல்லோரும் ஒரே சிப் ஆலையை நம்பியிருக்கலாம். அதன்பிறகு டொயோட்டா கீழ் அடுக்குகள் வரை தகவல் திரட்டியது. முக்கிய சிப்களை மாதக்கணக்கில் ஸ்டாக் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டது. அப்படியும் 2022 மார்ச் 1 அன்று, கோஜிமா என்ற சப்ளையர் மீது நடந்த சைபர் தாக்குதலால் ஜப்பானின் 14 ஆலைகளும் ஒருநாள் நின்றன. இங்கே, 2021 செப்டம்பரில் சிப் பற்றாக்குறையால் மாருதியின் உற்பத்தி வழக்கமான அளவில் சுமார் 40 சதவீதமாக இருக்கும் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது.

நஷ்டம் யாருக்கு?

பெரிய கம்பெனியிடம் ஸ்டாக் இல்லை என்றால், ஸ்டாக்கே இல்லை என்று அர்த்தமில்லை. 'லைன் நிற்கக் கூடாது' என்ற பயத்தில் கீழ் அடுக்கில் யாரோ ஒருவர் குடோனில் வைத்திருப்பார். அந்தப் பணம் முடங்கிக் கிடப்பது அவருக்கு. பேமென்ட் தாமதமானால் முதலில் திணறுவதும் அவர்தான்.

இதற்காகத்தான் 2006 சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் வரம்பு வைத்தது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரலிலிருந்து அமலுக்கு வந்தது.

இன்னொரு ஆபத்து, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, கவலை மறைமலைநகர் ஆலைக்குள் மட்டும் நிற்கவில்லை. ஃபோர்டுக்கு மட்டுமே டை அடித்து வைத்திருந்த சப்ளையர்களுக்கும் அதே கவலைதான்.

எலெக்ட்ரிக் வந்தால்?

பேட்டரி காரில் இன்ஜின், கிளட்ச், சைலென்சர் கிடையாது. அவற்றைச் செய்பவர்களின் ஆர்டர் குறையும். சீட், டயர், பிரேக், சர்க்யூட் போர்டு எப்போதும் வேண்டும். ஆனால் புதிய சார்புகளும் வரும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், இந்திய மோட்டார் தயாரிப்பாளர்கள் தவித்தது இதற்குச் சாட்சி.

மைசூருவிலோ ஓசூரிலோ ஒரகடத்திலோ உதிரிபாகக் கம்பெனியில் ஆஃபர் வந்தால், சம்பளத்தோடு மூன்று கேள்விகள் கேளுங்க. விற்பனையில் எத்தனை சதவீதம் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது? செய்யும் பாகம் எலெக்ட்ரிக் வண்டியிலும் இருக்குமா? மூலப்பொருளுக்கு இரண்டாவது சப்ளையர் உண்டா? பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால், இதில் பாதி பதில் அதன் ஆண்டறிக்கையிலேயே கிடைக்கும்.