எட்டு நாள் தாங்குமா?

1965, ஆகஸ்ட் 21. ஜெமினி-5 விண்கலம் கிளம்பிவிட்டது. உள்ளே இரண்டு பேர்: கார்டன் கூப்பர், பீட் கான்ராட். எட்டு நாள் பூமியைச் சுற்ற வேண்டும். நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும் என்பதால், இது ஒத்திகை.

பயணத்துக்கென்று கூப்பர் ஒரு சின்னம் தயாரித்திருந்தார். கூண்டு வண்டிப் படம், அதன்மேல் 'எட்டு நாள், இல்லாவிட்டால் அம்பேல்!' என்கிற மாதிரி வாசகம். நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்குக் கதிகலங்கியது. பாதியில் திரும்பினால் மானம் போய்விடுமே! பயணம் முடிகிறவரை வாசகத்தை மறைத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். எட்டு நாளுக்கான மின்சாரத்தை பாட்டரியில் அடைத்தால் எடை தாங்காது. அதனால் மனிதர்கள் போகும் விண்கலத்தில் முதல்முறையாக 'ஃப்யூயல் செல்' வைத்திருந்தார்கள்.

தத்துவம் பழசு. 1839-லேயே வில்லியம் குரோவ் என்பவர் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார். (இவர் தொழிலில் வக்கீல், பிற்பாடு நீதிபதி!) ஆனால், அவருடைய கருவிக்குத் திரவ அமிலம் வேண்டும். 1955-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வில்லர்டு குரப், அமிலத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் சவ்வைப் போட்டுப் பார்த்தார். சல்ஃபானிக் அமிலம் ஏற்றிய பாலிஸ்டைரீன். நம் தெர்மோகோலுக்குச் சொந்தக்காரன். அதன்மேல் பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியை 1958-ல் லியோனார்டு நீட்ராக் கண்டுபிடித்தார்.

சவ்வின் வேலை கேட் கீப்பர் வேலை. பிளாட்டினத்தில் மோதி ஹைட்ரஜன் இரண்டாகப் பிரிகிறது. "புரோட்டானா? உள்ளே போ. எலெக்ட்ரானா? ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வா." அந்தச் சுற்றல்தான் மின்சாரம். மறுபக்கம் இருவரும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுவார்கள்.

திரும்ப ஜெமினிக்கு வருவோம். சில மணி நேரத்திலேயே ஆபத்து! ஆக்ஸிஜன் தொட்டியின் ஹீட்டர் பழுது. சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டுக்கு மேல் இருந்த அழுத்தம் சரசரவென்று இறங்கி 70 பக்கம் வந்துவிட்டது. கருவிகளை அணைத்து, இருட்டும் குளிருமாக இருவரும் மிதந்தார்கள். இறக்கிவிடலாமா? தரையிலிருந்த கிறிஸ் கிராஃப்ட், "தொடரட்டும்" என்று முடிவெடுத்தார். இத்தனை குறைந்த அழுத்தத்திலும் செல்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடின. எட்டு நாளுக்கு ஒரு மணி நேரம் குறைச்சலாக, பத்திரமாக வந்து இறங்கினார்கள்.

ஹீரோவுக்கு மாலை விழுந்திருக்க வேண்டுமே? இல்லை. வேலை செய்யச் செய்ய அந்த பிளாஸ்டிக் தானே சிதைந்து, உண்டாகும் தண்ணீரைக் கெடுத்தது. ஜெமினி வீரர்கள் குடிநீரைத் தனியாக எடுத்துப் போக வேண்டியிருந்தது. அப்பல்லோவுக்கு இங்கிலாந்துக்காரர் ஃபிரான்சிஸ் பேக்கனின் காரக் கரைசல் செல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் வந்த தண்ணீரைக் குடிக்க முடிந்தது. நிலவு வாய்ப்பு கைநழுவிப் போயிற்று.

மறுபிறவி கொடுத்தது டூபாண்ட். 1960-களின் பிற்பகுதியில் அங்கே வால்தர் குரோட், தோசைக்கல்லில் ஒட்டாத டெஃப்லானின் முதுகெலும்பில் சல்ஃபானிக் அமிலத்தைக் கோத்தார். பெயர் நஃபியான். பெரிய வியாபாரம் உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலைகளில்தான். ஆனால், ஃப்யூயல் செல்லுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. லேசில் சிதையாது! இந்த வகைச் சவ்வை நம்பித்தான் கனடாவின் பல்லார்டு கம்பெனி 1993-ல் பஸ் ஓட்டியது. டொயோட்டா 2014-ல் மிராய் காரை விற்பனைக்கு விட்டது.

சுபம் போடலாமா? அதற்குள் அடுத்த வில்லங்கம். ஃப்ளூரின் கலந்த இப்படிப்பட்ட ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்று, 2023-ல் ஐரோப்பாவில் அவற்றுக்கு ஒட்டுமொத்தத் தடையே முன்மொழியப்பட்டது. ஃப்ளூரின் இல்லாத சவ்வுகளைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள், குரப் போன வழியையே மறுபடி எட்டிப்பார்க்கிறார்கள்.

முதல் சவ்வு சீக்கிரம் சிதைந்ததால் தோற்றது. இரண்டாவது, சிதைய மாட்டேன் என்பதால் கூண்டில் நிற்கிறது. வேலை இருக்கிறவரை உழைத்துவிட்டு, முடிந்ததும் சத்தமில்லாமல் மண்ணோடு போகிற மூன்றாவது ஒன்று வேண்டும். கிடைக்குமா?