எரியும் பனிக்காடும் எங்கள் ஜில்லாவும்

ஒரு நாவலை மாணவருக்குக் கற்பிக்கும்போது, அதன் கதாபாத்திரங்கள் எந்தச் சட்டத்தின் கீழ், எவருடைய அதிகாரத்துக்கு அஞ்சி, என்ன கூலிக்கு வாழ்ந்தார்கள் என்பதையும் கூடவே கற்பிக்காவிட்டால், படிப்பவர் மனத்தில் இரக்கம் பிறக்குமேயன்றி அறிவு பிறக்காது. தர்மபுரி ஜில்லாவின் பென்னாகரத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து பி. எச். டேனியலின் நாவலைப் படித்த பிறகு என்னுள் உறுதிப்பட்டுவிட்ட அபிப்பிராயம் இது.

ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றித் தொழிலாளரின் நோயையும் பழைய நினைவுகளையும் நேரில் அறிந்த டேனியல், 1969 இல் ‘ரெட் டீ’ என்ற நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய பின்னரே நம் ஜனங்களில் பலர் அதைப் படித்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமமொன்றிலிருந்து, கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்ற ஆசையோடு மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகிற கருப்பனும் அவன் மனைவி வள்ளியும், அட்டையும் மலேரியாக் காய்ச்சலும் துரையின் பூட்ஸ் காலும் ஆண்ட அக்காலத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சிக்கிக்கொள்வதே கதை.

இதைப் படிக்கும் மாணவர் எவரும் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஏன் சார் அவங்க ஓடிப்போகல?” கேள்வி நியாயமானதே. ஆயினும் இதற்கு விடை சொல்லாமல் ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டால், அந்த ஜனங்கள் தைரியமற்றவர்கள், விதியென்று கிடந்தவர்கள் என்ற எண்ணமே பிள்ளைகளிடம் தங்கிவிடும். உண்மையில் அவர்கள் ஓடினார்கள். ஓடியவர்களைப் பிடித்துக் கொண்டுவரச் சட்டம் இருந்தது. 1859 ஆம் வருஷத்து 13 ஆவது சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போன தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குத் திரும்பு என்று அவர் உத்தரவிடுவார். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளியின் குற்றம் சிவில் வழக்கு, வேலை செய்யாத கூலியின் குற்றம் ஜெயில் தண்டனை என்பதே அச்சட்டத்தின் தர்மம். சென்னை மாகாணத்தில் தோட்டத் துரைமார்கள் இதுவும் போதாதென்று 1903 இல் தங்களுக்கென்றே தனியாக ஒரு தொழிலாளர் சட்டத்தைப் பெற்றுக்கொண்டார்கள். 1859 இன் சட்டம் 1926 வரை நாட்டில் உயிரோடிருந்தது. கருப்பன் மலையேறிய காலம் ஏறத்தாழ அதுவே.

இரண்டாவது கேள்வி, அடித்த துரையைக் கோர்ட்டுக்கு ஏன் இழுக்கவில்லை என்பது. இங்கேதான் நிறபேதம் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே அச்சேறி இருந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஜில்லாக்களில் இருந்த இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று 1883 இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, வெள்ளையர் சமூகம் முழுவதும், சிறப்பாகத் தோட்ட முதலாளிகள், கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷம் நிறைவேறிய சமரசச் சட்டம், ஜூரிகளில் பாதிக்குக் குறையாதவர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டுமென்று கோரும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையருக்கு அளித்தது. அஸ்ஸாம் தோட்டங்களில் கூலிகளை அடித்துக் கொன்றவர்கள் சொற்பத் தண்டனையோடு தப்பியது வைஸ்ராய் கர்ஸனுக்கே சகிக்கவில்லை என்றால், ஆனைமலைக் காட்டில் எழுத்தறியாத ஒரு கூலிக்கு எந்தக் கோர்ட்டு திறந்திருக்கும்? இந்தச் சலுகைகளில் பெரும்பகுதி நீங்கியது 1923 இல்.

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ 1960 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலை நடத்தும் ஆசிரியர்களில் பலர், அலபாமா மாகாணத்து ஸ்காட்ஸ்பரோ வழக்கை முதலில் படிக்கச் சொல்கிறார்கள். 1931 இல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றத்தை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி எப்படி விசாரித்தது என்று தெரிந்த மாணவனுக்கு, நாவலின் கோர்ட்டுக் காட்சி கற்பனையாகத் தோன்றாது. நமக்கும் இந்த முறை தகும்.

ஆனால் நம் நாவலில் அநீதியை இழைத்தவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். பசித்த கிராமத்தில் வந்து இறங்கி, முன்பணத்தை நீட்டி, கைநாட்டு வாங்கி, பின்னர் கூலியில் தமக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு கடன் தீராதபடி கணக்கு எழுதிய மேஸ்திரிகளும் கங்காணிகளும் நம்மவர்களே. அவர்களில் பெரும்பாலோர் மேல்ஜாதியார். மலையேறியவர்களில் மிகப் பலர் சேரி ஜனங்கள். கிராமத்தில் செருப்பணிய உரிமையற்றிருந்தவனை மலையில் துரையின் முன் கைகட்டி நிற்க வைப்பது எளிதாயிற்று. துரைத்தனம் ஜாதியை உண்டாக்கவில்லை. தயாராயிருந்ததை எடுத்து உபயோகித்துக்கொண்டது. இதை மறைத்து வெள்ளையரை மட்டும் பழிக்கும் பாடம் பாதிப் பொய்யாகும் என்றே நான் கருதுகிறேன். மேஸ்திரியின் வம்சத்தில் வந்த பிள்ளையும் கூலியின் வம்சத்தில் வந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைச் சொல்ல மிகுந்த பக்குவம் வேண்டும். எவருடைய ஜாதியையும் பேர் சொல்லி விசாரிக்காமல், பத்திரங்களையும் சட்டங்களையும் முன்வைத்தே பேச வேண்டும்.

திருநெல்வேலிக் கதை பென்னாகரத்துக்கு என்ன உறவு என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஸ்தல சரித்திரம் என்றால், 1791 இல் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்துக் கோட்டையைப் பிடித்ததும், மறு வருஷம் எங்கள் பகுதி அடங்கிய பாரமகால் கும்பினியார் வசமானதும், தர்மபுரியில் தாமஸ் மன்றோ இருந்து வரி வசூலித்ததும் சொல்லி முடிந்துவிடும். அந்த வரியைக் கட்டிய குடிகளின் பேரர்களுக்குத் தாது வருஷப் பஞ்சத்தில் நேர்ந்தது பாடத்தில் வராது. தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965 இல். அதற்கு முன் நாங்கள் சேலம் ஜில்லா. அந்தச் சேலத்தின் ஜனத்தொகை 1871 இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்துக்குப் பின், 1881 இல் ஏறத்தாழ 16 லட்சம். மிஞ்சியவர்கள் வீட்டு வாசலில் முன்பணத்தோடு நின்றான் கங்காணி.

திருச்சி, மதுரை ஜில்லாக்களைப் போலவே சேலம் ஜில்லாவும் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருவாரியாக ஆள் அனுப்பிய ஜில்லா. ஆதியில், காப்பி பயிரான காலத்தில், அவர்கள் கரையோரம் வரை நடந்து, தோணியில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கிக் காட்டில் மறுபடி நடந்தார்கள். வாந்திபேதியிலும் தாகத்திலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது 1914 இல். தோட்டம் சேர்ந்த பின்னும் முன்பணக் கடன் விடவில்லை. தோட்டம் மாற விரும்பிய தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புதுத் தோட்டத்தார் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார்கள். கடனோ தொழிலாளியின் தலையிலேயே நிற்கும். இம்முறை ஒழிக்கப்பட்ட வருஷம் 1921.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, முன்பணம் என்பதை என் மாணவர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்ததைக் கண்டேன். மழை பொய்த்தால் குடும்பத்தோடு பெங்களூர்க் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிற வட்டாரம் இது. பெற்றோர் ஊரில் இல்லாமல் பாட்டி வீட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் வகுப்புதோறும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 இல் வந்தது என்பதை அவர்கள் பாடமாக அல்ல, வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய செய்தியாகவே கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு, ஏன் ஓடிப்போகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடல் கடந்து போனவர்களின் வம்சம் இன்று எங்கே என்றே கேட்டார்கள்.

அதற்கான விடையையும் பாடத்தில் சேர்க்க வேண்டியதே. இலங்கை 1948 இல் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், அந்த வம்சத்தாரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று நம் அரசாங்கம் 1968 இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னாளில் கார்ப்பரேஷனாகி, கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களோடு நிற்காமல் ஆனைமலையிலுள்ள வால்பாறை வரை பரவிற்று. டேனியல் எழுதிய அதே ஆனைமலையில், கங்காணியோடு கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழுந்து பறிக்கிறார்கள்.