அட்டாக்: ஒரு வினைச்சொல், இரண்டு போர்கள்

பள்ளியில் படிக்கும்போது ஆங்கிலத் தேர்வில் 'அட்டாக்டு ஆன் த சிட்டி' என்று எழுதி அரை மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன் நான். "இந்த 'ஆன்' எதுக்குடா?" என்று கேட்டு ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அன்று புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் தமிழிலும் இதே கதைதான். 'நகரத்தைத் தாக்கினார்கள்' என்போம், 'நகரத்தின் மீது தாக்குதல் நடத்தினார்கள்' என்றும் சொல்வோம். வினைச்சொல்லாக வந்தால் அடி நேராக விழுகிறது. பெயர்ச்சொல்லாக வந்தால்தான் 'மீது' தேவை. ஆங்கிலத்திலும் அப்படியே.

அந்த அரை மதிப்பெண் கடுப்போ என்னவோ, இந்தச் சொல் எங்கே வந்தாலும் கண் அதில் நின்றுவிடும். அப்படி நின்ற இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டும் அமெரிக்க வரலாற்றில் வருபவை. இரண்டும் போருக்கு வழி திறந்தவை. இரண்டிலும் 'அட்டாக்' இருக்கிறது. ஆனால் ஒன்று உண்மை, மற்றொன்று...? பார்ப்போம்.

முதல் வாக்கியம் 1941-ஆம் ஆண்டுடையது. டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை, ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். அன்று மாலையே அதிபர் ரூஸ்வெல்ட், மறுநாள் பேச வேண்டிய உரையைத் தன் செயலாளர் கிரேஸ் டல்லியிடம் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். தட்டச்சு ஆகி வந்த பிரதியை ரூஸ்வெல்ட் தன் கையாலேயே திருத்தினார். முதல் வாக்கியத்தில் இருந்த 'உலக வரலாறு' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'இழிவு' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டார். இது பலருக்கும் தெரிந்த திருத்தம்.

அதே வாக்கியத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. அமெரிக்கா 'ஒரே நேரத்தில், திட்டமிட்டு' தாக்கப்பட்டது என்று முதலில் இருந்தது. 'ஒரே நேரத்தில்' என்பதை அடித்து 'திடீரென்று' என்று மாற்றினார். முதல் சொல் ராணுவ அறிக்கையில் வரக்கூடியது. இரண்டாவது, அடி வாங்கியவன் வாயிலிருந்து வருவது!

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஜப்பான் தாக்கியது' என்று அவர் தொடங்கவில்லை. 'அமெரிக்கா தாக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் தொடங்குகிறார். அடிபட்டவர் முன்னால், அடித்தவர் பின்னால். சற்று நேரம் கழித்து ஹாங்காங், குவாம், பிலிப்பைன்ஸ், வேக் தீவு, மிட்வே என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஜப்பான்தான் எழுவாய். யார் அடிபட்டது என்று முதலில் சொல்லிவிட்டு, யார் அடித்தது என்பதை அடுக்கிக்கொண்டே போகிறார். அன்றே போர்ப் பிரகடனம் நிறைவேறியது. செனட்டில் 82-0, பிரதிநிதிகள் சபையில் 388-1.

இரண்டாவது வாக்கியத்துக்கு 23 ஆண்டுகள் தாண்ட வேண்டும். 1964 ஆகஸ்ட் 2 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில், மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. இது நடந்த சம்பவம். ஆகஸ்ட் 4 இரவு மேடாக்ஸும் டர்னர் ஜாய் என்ற கப்பலும் மறுபடி தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சில மணி நேரத்திலேயே கப்பலில் இருந்த கேப்டன் ஹெரிக், வானிலைக் கோளாறால் ரேடார் ஏமாற்றியிருக்கலாம், முழுமையாக ஆராய்ந்துவிட்டு மேற்கொண்டு எதையும் செய்யுங்கள் என்று தகவல் அனுப்பினார். அதற்காக யாரும் நிற்கவில்லை. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்தார்.

ஆகஸ்ட் 7-ல் நிறைவேறிய தீர்மானத்தில், வட வியட்நாம் கடற்படை அமெரிக்கக் கப்பல்களைத் 'திட்டமிட்டும் திரும்பத் திரும்பவும்' தாக்கியது என்று இருந்தது. பிரதிநிதிகள் சபையில் 416-0. செனட்டில் 88-2. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங்.

'திட்டமிட்டு' என்ற சொல் 1941-லும் இருந்தது, 1964-லும் இருக்கிறது. வினைச்சொல்லும் அதேதான். புதிதாக வந்தது 'திரும்பத் திரும்ப' மட்டுமே. ஒரு முறை நடந்ததைத் 'திரும்பத் திரும்ப' என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் நிற்க வேண்டுமானால் ஆகஸ்ட் 4 தாக்குதல் நடந்திருக்க வேண்டும். ஆனால் அது நடக்கவே இல்லை. 2005-ல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆய்வே இதைச் சொல்லிவிட்டது.

நான் வணிகவியல் மாணவன். எங்கள் பாடத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். பதிவு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் வவுச்சர் இல்லாவிட்டால் தணிக்கையாளர் விடமாட்டார். 1941 வாக்கியத்துக்கு வவுச்சர் இருந்தது, எரிந்த கப்பல்களும் இறந்த மனிதர்களும். 1964 வாக்கியத்தில் 'தாக்கியது' என்பதற்கு வவுச்சர் உண்டு, 'திரும்பத் திரும்ப' என்பதற்கு இல்லை. 500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் அந்த வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் 1968-ல் பதவியை இழந்தார்கள் என்பது தனிச் சோகம்.

தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. போர் 1975 வரை நீண்டது. 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியர்களும் செத்துப்போனார்கள்.

வினைச்சொல்லை எல்லோரும் கவனிக்கிறோம். அதன் பக்கத்தில் அப்பாவி மாதிரி நிற்கும் வினையடையை யார் கவனிக்கிறார்கள்? இனி செய்தித்தாளில் 'தாக்கியது' என்று வந்தால், அதற்கு முந்தைய சொல்லையும் ஒரு முறை பாருங்கள். என் ஆசிரியர் ஒரு 'ஆன்'-க்கே அரை மதிப்பெண் பிடித்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது, அவர் செய்தது சரிதான் என்று தோன்றுகிறது.