பரிசு பெற்ற பிள்ளையும் பின்னால் நின்ற ஊரும்

கணிதப் போட்டியில் வென்ற மாணவன், புத்தாக்கக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற மாணவி என்று நாளிதழ்களில் படங்கள் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. கழுத்தில் பதக்கம், கையில் நற்சான்றிதழ், ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் பெற்றோர். படத்தைப் பார்த்து மகிழ்கிறோம். 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று பாராட்டுகிறோம். ஆனால், அந்தப் பிள்ளை அந்த மேடைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

மலேசியத் தமிழர்களைப் பொறுத்தவரை அந்த வழிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முனை பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. மறுமுனை அங்கிருந்து சில மைல் தொலைவில் இருந்த ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பதக்கத்தின் உண்மையான எடை தெரியும்.

செங்கல் சூளையும் ரயில் பாதையும்

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வேய்ந்த மரவீடுகள் அழிந்தன. அதன் பிறகு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழ வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ். ஊரின் பெயரே அந்தச் சூளைகளைத்தான் சொல்கிறது.

1886ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலோடு தமிழர்களும் வந்தார்கள். தண்டவாளம் போடவும் பழுது பார்க்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். கணக்கு எழுதவும் நிலையங்களை நடத்தவும் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தனர்.

யாழ்ப்பாணத்தார் ஏன் கிராணி வேலைக்கு வந்தார்கள்? அங்கே 1823லேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் உயர்கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். பின்னாளில் சைவர்களும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிகளைக் கட்டினார்கள். ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறை அங்கே தயாராக இருந்தது. பரீட்சையில் தேறினால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் குடும்பம் தலைநிமிரும் என்ற கணக்கை அவர்கள் கையோடு கொண்டு வந்தார்கள்.

அந்தக் கணக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளிலும் தொடர்ந்தது. 1904ல் இங்கே விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. அதன் நிழலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் வளர்ந்தன. அதற்கு முன்பே, 1894ல், விக்டோரியா கல்விக்கூடம் ஹைஸ்திரீட்டில் திறக்கப்பட்டிருந்தது. அதை நிறுவத் துணைநின்ற பெரியவர்களில் யாப் குவான் செங், லோக் இயூ ஆகியோரோடு தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். கோயிலுக்குக் கொடுத்த கை பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தது.

கப்பலேறிய விடைத்தாள்கள்

அக்காலத்தில் போட்டி என்றால் பரீட்சைதான். ஜூனியர் கேம்பிரிட்ஜ், சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுகளின் கேள்வித்தாள் இங்கிலாந்தில் தயாராகும். மாணவர் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும். முடிவு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேலே இன்னும் ஒரு படியும் இருந்தது. 1885ல் நீரிணைக் குடியேற்றங்களில் மகாராணியார் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. அதை வென்றவர் பிரிட்டனில் மருத்துவமோ சட்டமோ படிக்கலாம்.

1929ல் விக்டோரியா கல்விக்கூடம் பெட்டாலிங் குன்றில் இன்றுள்ள கட்டடத்துக்கு மாறியது. அறிவியலைச் சோதனைக்கூடத்தில் நின்று படிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அங்கு அறிவியல் கற்பித்த எப். டேனியல் எழுதிய பொது அறிவியல் பாடநூல்கள் மலாயாப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்பட்டன. வெப்பமண்டலத்து மரத்தையும் கொசுவையும் உதாரணம் காட்டி அறிவியல் சொல்லிக்கொடுத்த நூல்கள் அவை.

இந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் ஆனந்த கிருஷ்ணன். 1938ல் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, விக்டோரியா கல்விக்கூடத்தில் தொடர்ந்து, கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளம் பெற்று மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்றார். பிறகு ஹார்வர்டில் நிர்வாகத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். தொலைத்தொடர்பு, துணைக்கோளம், தொலைக்காட்சி என்று அவர் தொட்ட துறைகள் நாடறிந்தவை. 1996ல் விண்ணேறிய மீசாட் துணைக்கோளமும் இரட்டைக் கோபுரம் எழுந்த கே.எல்.சி.சி. திட்டமும் அவர் பெயரைச் சொல்லும். 2024 நவம்பரில் அவர் மறைந்தார்.

அவருடைய திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் திறமைக்கு முன்னால் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது, ஓர் ஆங்கிலப் பள்ளி இருந்தது, அதற்கப்பால் ஓர் உபகாரச் சம்பளம் காத்திருந்தது. ஒரு படியிலிருந்து கால் எடுத்தால் வைக்க அடுத்த படி இருந்தது. அதே காலத்தில் பிறந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் படிகள் இருந்தனவா?

ஆறாம் வகுப்போடு நின்ற பாதை

தோட்டப்புறத்துக்குப் போனால் காட்சி வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்தைப் பணித்தது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே அறை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். விடியுமுன் பிரட்டுக்குப் போகும் தாய் தகப்பனுக்குத் துணையாகப் பிள்ளையும் பால்மரக்காட்டுக்குப் போக வேண்டிய நாட்கள் உண்டு.

அந்தப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைக்கும் அடுத்த படி கிடையாது. தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு முடிந்தது. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. அதற்குச் சம்பளம் கட்ட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கிராணி வீட்டுப் பையனும் தோட்டத்து லயத்துப் பையனும் பேசியது ஒரே மொழி. ஓடத் தொடங்கிய இடம் மட்டும் வேறு வேறு.

திறமை இருந்தும் படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜனே சாட்சி. 1904ல் டவுன் உயர்நிலைப்பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை வென்றவர் அவர். கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளம் பறிபோனது. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் அவரும் ஒரு கிராணியாகத்தான் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரை உலகுக்குக் காட்டியது. அப்படி ஒரு கடிதம் எழுத வழி தெரியாமல் போன ராமானுஜன்கள் எத்தனை தோட்டங்களில் இருந்தார்களோ!

கதவு திறந்தது, வாசற்படி உயர்ந்தது

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964ல் கைவிடப்பட்டது. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போக வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து மொழியைப் பழகிக்கொண்டு முதலாம் படிவத்துக்கு ஏற வேண்டும். 1970 தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின.

கதவு திறந்ததென்னவோ உண்மை. ஆனால் மூன்றாம் படிவத் தேர்வு வடிகட்டியது. புதிய மொழி, பெரிய பள்ளி, தூரத்துப் பயணம். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. இடையில் நின்றவர்கள் பலர். தோட்டத் தொழிலாளர்களின் வெள்ளியைச் சேர்த்து 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள் கல்விக்கும் கைகொடுத்தன. இன்று பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இருந்தாலும், பண உதவி பெற்ற மாணவனுக்கும் பாடத்தில் உதவி வேண்டியிருந்தது.

அந்தக் குறையை நேராகக் கண்டவர் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா. 1982ல் அவர் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்தார்கள். வகுப்புகள் ஊர் ஊராகப் பரவின. பக்தியையும் படிப்பையும் அவர் ஒன்றாக இணைத்தார். பத்துமலைக்கு மாணவரும் பெற்றோரும் திரண்டு செல்லும் கல்வி யாத்திரை அதன் அடையாளமாகியது. காவடி தூக்கும் கால்கள் கல்விக்காகவும் நடக்கும் என்று காட்டிய யாத்திரை அது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் தந்தையும் ஆசிரமமும் ஆங்கிலப் பள்ளியும் சேர்ந்து செய்த வேலையை, அவை மூன்றும் இல்லாத பிள்ளைக்கு இந்த வகுப்புகள் செய்ய முற்பட்டன. ஸ்ரீ முருகன் நிலையத்தின் வரலாற்றுப் பங்கு இதுதான்.

மனனத்திலிருந்து ஆய்வுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் பரீட்சையின் கதை. உலகம் வேறொரு வகைப் போட்டியையும் கண்டிருந்தது. அமெரிக்காவில் 1950ல் பள்ளி மாணவர்களுக்கான தேசிய அறிவியல் கண்காட்சி தொடங்கியது. 1959ல் ருமேனியாவில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் பிறந்தது. மலேசியா 1995ல் அதில் கால்வைத்தது. புக்கிட் கியாராவில் 1996ல் தேசிய அறிவியல் மையமும், 1999ல் இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசயின்ஸும் வந்தன.

தமிழ்ப்பள்ளிகளில் இந்தக் காற்று வீசியது 2007ல். அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் விழாவைத் தொடங்கிய ஆண்டு அது. இங்கே மாணவர் ஒரு கேள்வியைத் தாமே எழுப்ப வேண்டும். கருதுகோள் அமைக்க வேண்டும். சோதனை செய்து, அட்டையில் ஒட்டி, நடுவர் முன் நின்று விளக்க வேண்டும்.

பச்சைப்பயறு முளைக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் அளவை மாற்றினால் அது தற்சார்பு மாறி. முளையின் நீளம் சார்பு மாறி. மண், வெயில், விதையின் எண்ணிக்கை மூன்றும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இதை மனனம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தானே செய்த பிள்ளையோ, 'ஏன் இந்தத் தொட்டியில் முளைக்கவில்லை?' என்று நடுவர் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும். தண்ணீர் அதிகமாகி விதை அழுகியதை அது கண்ணால் பார்த்திருக்கிறது. தோற்ற சோதனையும் பாடம் சொல்லும் என்பது பரீட்சை மண்டபத்தில் கிடைக்காத அறிவு.

இதே காலத்தில்தான் 2006ல் நாட்டின் முதல் விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்தது. விண்ணப்பித்தவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல். இறுதி நால்வரில் ஒரே பெண் எஸ். வனஜா. விண்ணுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்த நால்வரின் படத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அறிவியல் எட்டாத பழமாகத் தோன்றியிருக்காது.

இனி அளவுகோல் எது?

1957ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520க்குச் சற்று மேல். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021லும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022லும் ரத்தாயின. வடிகட்டி போய்விட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஒன்றை மறந்துவிடக்கூடாது. பரீட்சை இருந்தவரை, பிள்ளை எங்கே பின்தங்குகிறது என்பது பன்னிரண்டு வயதிலாவது வெளியே தெரிந்தது. இப்போது எஸ்.பி.எம். வரை அது தெரியாமலே போகலாம்.

வசதியுள்ள வீட்டுக்கு இது பெரிய பாதிப்பு இல்லை. பிரத்தியேக வகுப்பும் கணினியும் இருக்கின்றன. வசதியற்ற வீட்டுக்குத்தான் ஆபத்து. பழைய இரண்டு தொடக்கக் கோடுகள் வேறு உருவில் திரும்பி வரலாம். முன்பு தோட்டமும் பட்டணமும் என்று பிரிந்தது, நாளை அடுக்குமாடிக் குடியிருப்பும் தனியார் பள்ளியும் என்று பிரியலாம்.

ஆகவே, அடுத்த முறை நாளிதழில் பதக்கம் அணிந்த ஒரு பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது கைதட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். அந்தப் பள்ளியில் போட்டிக்குப் போகாத மற்றப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து பார்க்க ஓர் இடம் இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். கோயில் மண்டபம் மாலை வேளையில் பூட்டிக் கிடந்தால், வாரம் இரண்டு நாள் அதைப் பிள்ளைகளின் படிப்புக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தரச் சொல்லுங்கள். 1982ல் தொடங்கிய வேலையும் அப்படித்தான் தொடங்கியது.