கஞ்சாச் செடியின் புறத்தோற்றமும் போதை வீரியமும்: வகைப்பாட்டு வரலாற்றில் ஒரு வினா

முன்னுரை

கஞ்சாச் செடியின் இலையையும் தண்டையும் பூங்கொத்தையும் கண்ணால் கண்டே அதன் போதை வீரியத்தைக் கணித்துவிட இயலுமா என்னும் வினா இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தாவரவியலாரையும் ஆட்சியாளரையும் நீதிமன்றங்களையும் எதிர்கொண்டு வந்துள்ளது. ஒரு செடியை வளர்த்தவர் உழவரா குற்றவாளியா என்பது பல வேளைகளில் இதற்குரிய விடையைச் சார்ந்திருந்தமையால், இதனை வெறும் பெயரிடுதல் சிக்கலாகக் கருதுதல் பொருந்தாது. தோற்றத்தின்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை எவ்வாறு உருவாகி எவ்வாறு தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

லின்னேயசும் லமார்க்கும்

லின்னேயஸ் 1753-இல் 'கன்னாபிஸ் சட்டைவா' என்னும் ஒரே இனத்தையே பதிவு செய்தார். அவர் நன்கறிந்திருந்தது ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிடப்பட்ட செடி. 1785-இல் லமார்க், பியேர் சொன்னெரா இந்தியாவில் சேகரித்தனுப்பிய மாதிரியைக் கொண்டு 'கன்னாபிஸ் இண்டிகா' என்னும் இரண்டாம் இனத்தை நிறுவினார். தண்டு கெட்டியானது, பட்டை மெல்லியது, ஆதலின் நாருக்கு உதவாது, சிற்றிலைகள் குறுகியவை, மணம் கடுமையானது, உட்கொண்டால் மயக்கந் தருவது என்பன அவர் சுட்டிய வேறுபாடுகள். தோற்றக் கூறுகளும் போதைக் குணமும் ஒரே விளக்கத்திற்குள் இணைக்கப்பட்ட இடம் இதுவே. அவ்விணைப்பு சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டதன்று. இரு நிலப்பகுதிகளின் செடிகளை ஒப்பிட்டதன் விளைவு.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இக்கால வணிக வழக்கில் 'இண்டிகா' என்றால் அகன்ற இலையுடைய குட்டைச் செடி. லமார்க் கண்ட இண்டிகாவோ குறுகிய இலையுடையது. 1970-களில் ஆப்கானிஸ்தானத்து அகன்ற இலைச் செடிகளைக் கண்ட அமெரிக்கத் தாவரவியலார் அவற்றுக்கு லமார்க்கின் பெயரை வழங்கியதனால் நேர்ந்த மாற்றம் இது. பெயர் நிலைத்திருக்க, அது குறித்த உருவம் தலைகீழாயிற்று.

தோற்றம் ஏமாற்றியதற்கு இதனினும் பழைய சான்று உண்டு. இங்கிலாந்தின் நார்ப்பயிர் உழவர் மெலிந்து விரைவில் வாடும் செடியைப் 'பெண்' என்றும், பருத்து உறுதியாக நிற்பதை 'ஆண்' என்றும் பெயரிட்டு வழங்கினர். உண்மை இதற்கு நேர்மாறானது. விதை தருவது அந்தப் பருத்த செடியே.

வங்காளத்தின் தேர்ந்த கண்

ஆண், பெண் வேறுபாட்டைப் பிழையின்றிக் கண்டறியும் கண் வங்காளத்தில் இருந்தது. ராஜஷாஹி மாவட்டத்து நவ்காவ் பகுதிக் கஞ்சா வயல்களில், ஆண் செடிகளை முற்றுமுன்னரே இனங்கண்டு அகற்றுவதற்கெனவே 'பொத்தார்' எனப்பட்ட வல்லுநர் அமர்த்தப்பட்டனர். ஆங்கில அதிகாரிகள் இவர்களைக் 'கஞ்சா வைத்தியர்' என்று எழுதினர். மகரந்தம் சேராத பெண்பூவே பிசினை மிகுதியாகத் தாங்கி நிற்கும் என்பதை இவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இவ்வகையில் தோற்றம் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பொத்தார் கணித்தது செடியின் பாலினத்தை. அதன் வேதியியலை அன்று.

கல்கத்தா மூலிகைக்கூடத்தின் டேவிட் பிரெய்ன் 1893-இல் அளித்த அறிக்கை, இந்தியச் செடியும் ஐரோப்பியச் செடியும் ஒரே இனம் என்று கொண்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கை இமயமலைப் பகுதிகளில் ஒரே செடியிலிருந்து நாரும் சரஸும் பெறப்படுவதைப் பதிவு செய்தது. நாருக்குரியது வேறு, போதைக்குரியது வேறு என்னும் லமார்க்கின் பிரிவினைக்கு இது எளிதில் பொருந்தவில்லை. வேறுபாடு தட்பவெப்பத்தால் விளைவது என்னும் விளக்கமே அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

வேதியியலின் வருகை

1964-இல் கவோனியும் மெக்கூலமும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் முதன்மைப் போதைப்பொருளைப் பிரித்து அதன் அமைப்பை நிறுவிய பின்னரே வீரியம் என்பது அளவிடக்கூடியதாயிற்று. தொடர்ந்து கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், பல நாடுகளிலிருந்து பெற்ற 350 விதைத் தொகுதிகளை ஒட்டாவாவில் ஒரே நிலத்தில் வளர்த்தார். மண்ணும் வெயிலும் ஒன்றாயிருந்தும் வேதியியல் வேறுபாடுகள் நீடித்தன. தட்பவெப்பமே காரணம் என்னும் பழங்கருத்து இதனால் வலுவிழந்தது.

இதே காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்களில் விந்தையானதொரு வாதம் எழுந்தது. சட்டம் 'கன்னாபிஸ் சட்டைவா' என்றே கூறுகிறது. கைப்பற்றப்பட்ட உலர்ந்த தூள் இண்டிகா அன்று என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்று எதிரித் தரப்பினர் வாதிட்டனர். தாவரவியலார் இரு பக்கமும் சாட்சி கூறினர். பொடியாக்கப்பட்ட இலையில் இனத்தைப் பிரித்தறிதல் இயலாது என்பது வெளிப்பட்டது. சட்டமியற்றியோர் கருதியது எல்லாக் கஞ்சாவையுமே என்று கூறி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் அவ்வாதத்தைப் புறந்தள்ளின.

1976-இல் ஸ்மாலும் குரோன்குவிஸ்டும் வெளியிட்ட வகைப்பாடு, உலர் எடையில் 0.3 விழுக்காடு என்னும் எல்லையைக் கொண்டு இரு துணையினங்களைப் பிரித்தது. பயிர்வகை, காட்டுவகை என்னும் பிரிவுக்கு மட்டும் அவர்கள் கனியின் வடிவத்தை நம்பினர். போதைக்கு வேதியியலை நாடினர். அந்த எல்லை வசதி கருதி வகுக்கப்பட்டதே என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர்.

2003-இல் தெ மெய்யர் குழுவினர் நடத்திய கலப்பினச் சோதனைகள் சிக்கலின் வேரைக் காட்டின. டெட்ராஹைட்ரோகன்னாபினாலும் போதை தராத கன்னாபிடையாலும் பொதுவான ஒரு மூலப்பொருளிலிருந்தே அமில வடிவில் உருவாகின்றன. எது மேலோங்கும் என்பதை ஒரு மரபணுவிடத்தின் இரு மாற்று வடிவங்கள் தீர்மானிப்பதாக அவர்கள் விளக்கினர்; இரண்டாம் தலைமுறையில் 1:2:1 என்னும் மெண்டலின் விகிதம் கிட்டியது. பெண்பூக்களின் சுரப்பித் தூவிகள் இரு பொருள்களையும் ஒன்றுபோலவே தேக்குகின்றன. உருப்பெருக்கியில் அவற்றைக் காண்பவர் பிசின் மிகுதியா குறைவா, செடி முதிர்ந்ததா என்று கூறலாம். அப்பிசின் போதை தருமா என்பதை எவ்வளவு பழகிய கண்ணாலும் கூற இயலாது.

இந்தியச் சட்டத்தின் நிலை

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்று வரையறுக்கிறது. இவ்வரையறையில் உறுப்பு உண்டு, வீரியம் இல்லை. சிறிய அளவு 1 கிலோகிராம், வணிக அளவு 20 கிலோகிராம் என்னும் எல்லைகளும் எடையையே சார்ந்தவை. எனவே வீரியம் மிக்கதும் வீரியமற்றதும் சட்டத்தின் தராசில் ஒன்றே. நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று இதே சட்டம் இடமளிப்பினும், அவ்வழியில் முதலில் முனைந்த உத்தரகாண்ட் மாநிலம் 0.3 விழுக்காடு என்னும் எல்லையையே ஏற்றது. நாரும் சரஸும் ஒரே செடியில் எடுக்கப்பட்டதாக 1894-இல் பதிவான குமாவோன் மலைகள் இம்மாநிலத்தில்தான் உள்ளன. அங்கு உரிமம் பெற்ற உழவர் தம் வயலில் நிற்கும் செடி எல்லைக்கு உட்பட்டதா என்பதை ஆய்வகத்தின் அறிக்கை வந்த பின்னரே அறிய முடிகிறது.