நுரையீரல் கொள்ளளவு அளவீடு

நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்கிறது, அதை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதைக் கண்டறியும் மருத்துவச் சோதனை. இதற்கான ஸ்பைரோமீட்டரை லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் வடிவமைத்தார். ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து, மூச்சை முழுக்க இழுத்து முழுக்க ஊதும்போது வெளிவரும் காற்று, அதாவது உயிர்ப்புக் கொள்ளளவு, உயரத்தோடு கூடுவதை 1846இல் காட்டினார். சாதாரண மூச்சில் போய்வருவது சுமார் அரை லிட்டர்தான். எவ்வளவு முக்கி ஊதினாலும் பெரியவர்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். ஸ்பைரோமீட்டருக்கு எட்டாத அந்த எஞ்சிய காற்றை, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தோ, அடைத்த அறைக்குள் உட்காரவைத்து அழுத்த மாற்றத்தைப் பார்த்தோ கணிக்கிறார்கள்.

கருவி தருவது லிட்டர் கணக்கு. அது நோயா என்பதை ஒப்பீடுதான் சொல்லும். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதியிலேயே இளைப்பு கண்டு மருத்துவரிடம் போகும் ஒருவரை ஐரோப்பியரின் சராசரியோடு ஒப்பிட்டால், நல்ல நுரையீரலும் குறையுள்ளதாகத் தோன்றலாம். அதனால்தான் புகைபிடிக்காத, நலமான 247 சென்னைவாசிகளை அளந்து 1990இல் வெளியான ஆய்வு முக்கியமாகிறது. ஒருவருக்கு எதிர்பார்க்கத்தக்க இயல்பளவைக் கணிக்க 2012இல் வந்த உலகச் சமன்பாடுகளில் இந்தியருக்கெனத் தனி வகை இல்லை. இனம் பாராத 2022ஆம் ஆண்டுச் சமன்பாடும் அந்த 2012 சமன்பாடுகளின் தரவிலிருந்தே எடுக்கப்பட்டதுதான்.

உள்ளூர் அளவுகோல், சிறுவயதுச் சத்துக்குறைவும் விறகடுப்புப் புகையும் விளைவித்த சேதத்தையே இயல்பு என்று ஏற்றுவிடும் என்பது மறுப்பு. இது வலுவான மறுப்பு. நலமானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் முழுதாகத் தீராது. ஆனால் அயல் அளவுகோலை வைத்தால் அந்தச் சேதம் தனியே தெரிந்துவிடுமா? உடலமைப்பால் வந்த வேறுபாட்டையும் நோயால் வந்த குறைவையும் அது ஒன்றாகக் கலந்தே காட்டும். ஆஸ்துமா போன்ற காற்றுவழி அடைப்புக்கு இந்தச் சிக்கல் பெரிதில்லை. ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவரும் பங்கைத்தான் அங்கே பார்க்கிறார்கள். அந்த விகிதம் மக்களுக்கு மக்கள் அதிகம் மாறுவதில்லை. உயிர்ப்புக் கொள்ளளவு குறைந்திருப்பதை வைத்து மட்டும் நுரையீரல் சுருங்கிவிட்டதென்று முடிவுகட்டுவதே தவறு. எஞ்சிய காற்றையும் சேர்த்த மொத்தக் கொள்ளளவை அளந்த பிறகுதான் அதை உறுதிசெய்ய வேண்டும். சோதனை செய்துகொண்டால், எந்தச் சமன்பாட்டோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த சோதனைக்குக் கொண்டுபோங்கள்.