பவர் ஸ்டியரிங் பம்பின் வரலாறு

காரின் எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகச் சுழற்சியைப் பெற்று, எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்தி, முன்சக்கரங்களைத் திருப்புவதில் ஓட்டுநருக்குத் துணைசெய்யும் கருவியே பவர் ஸ்டியரிங் பம்பு. அமெரிக்காவில் கார் வைத்திருந்தோர் பலர் தம் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றிய உறுப்புகளுள் இதுவும் ஒன்று.

தொடக்ககாலக் கார்களைத் திருப்ப நல்ல தோள்வலு வேண்டியிருந்தது. 1920களில் கார்களின் எடை கூடியது. காற்றழுத்தம் குறைந்த அகலமான டயர்களும் வந்தன. நின்ற இடத்தில் வண்டியைத் திருப்புவது இதனால் மேலும் கடினமாயிற்று. ஸ்டியரிங்கின் பற்சக்கர விகிதத்தை மாற்றிப் பளுவைக் குறைக்கலாம். ஆனால் ஒரு திருப்பத்துக்குச் சக்கரத்தைப் பலமுறை சுற்ற வேண்டிவரும்.

டேவிசும் திறந்த வால்வும்

பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், அவ்வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் சிறிய பட்டறை ஒன்றில் இச்சிக்கலை ஆராய்ந்தார். ஜார்ஜ் ஜெசப் என்ற கைதேர்ந்த கருவித் தொழிலாளி அவருக்குத் துணையாக இருந்தார். அன்றைய ஹைட்ராலிக் எந்திரங்களில் வால்வை மூடி, எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருப்பது வழக்கம். அதனால் கசிவு ஓயவில்லை. டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். அவருடைய அமைப்பில் வால்வு திறந்தே இருக்கும். எண்ணெய் அழுத்தமின்றிச் சுற்றிவரும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒருபுறம் நெருங்கி, அழுத்தம் எழும். பின்னாளைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்குகள் பெரும்பாலும் இந்த எளிய கருத்தின் மேல் எழுந்தவையே.

1926இல் இவ்வமைப்பு பொருத்திய பியர்ஸ்-ஆரோ காரை டெட்ராய்ட் பொறியாளர்களுக்கு அவர் ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவருடன் ஒப்பந்தம் செய்து, கேடிலாக் கார்களுக்காக இதை மேம்படுத்த முனைந்தது. ஆனால் பெருமந்தத்தில் விலையுயர்ந்த கார்களின் விற்பனை சரிந்தது. செலவு கட்டாது என்று 1934இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1936இல் பெண்டிக்ஸ் நிறுவனம் டேவிசுடன் கைகோத்தது. அதன்பின் வந்த போரில் கவச வண்டிகளும் கனரக ஊர்திகளுமே இதன் பயனைப் பெற்றன.

அமெரிக்கக் காப்புரிமை அக்காலத்தில் வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகளே செல்லும். 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைட்’ என்ற பெயரில் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, டேவிசின் தொடக்கக் காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன. கால் நூற்றாண்டு காத்திருந்தவரின் கருத்தை மற்றவர் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்தது. போட்டி வந்த பிறகே ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் அவரை நாடியது. 1952இல் கேடிலாக் கார்களிலும் பவர் ஸ்டியரிங் வந்தது. ஒரு பெருநிறுவனத்தின் தயக்கத்துக்குத் தனிமனிதர் கொடுத்த விலை இது.

வீட்டு வாசலில் பழுது

திறந்த வால்வு அமைப்பில் பம்பு ஓய்வதில்லை. நேரான சாலையிலும் எஞ்சினுடன் அது சுழன்றுகொண்டே இருக்கும். நாளடைவில் உள்ளிருக்கும் தகடுகள் தேயும். தண்டின் சீல் கசியும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எழும் முனகல் ஒலியும் வண்டிக்கடியில் காணும் எண்ணெய்ச் சொட்டும் இதன் அடையாளங்கள். ஒலி கேட்டவுடன் பம்பைக் கழற்றுவது அவசரம். எண்ணெய் குறைந்தாலும் அதே ஒலி வரும்.

பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு குழாய்களைப் பிரித்து, சில போல்ட்டுகளைக் கழற்றினால் பல பழைய கார்களில் பம்பு வெளியே வந்துவிடும். தொல்லை கொடுத்தது கப்பிதான். முற்காலப் பம்புகள் பலவற்றில் அது நட்டினால் பிணைக்கப்பட்டிருந்தது. பின்னர் தண்டின்மேல் அழுத்திப் பொருத்தும் முறை பரவியது. அதைச் சுத்தியலால் தட்டினால் பம்பின் உட்பகுதி சேதமாகும். தனிப் புல்லர் தேவை. அமெரிக்க உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்று இக்கருவியை இரவல் தந்தன. பழைய பம்பையும் அதற்கென வைப்புத்தொகை வாங்கித் திரும்பப் பெற்று, புதுப்பித்து விற்கும் வழக்கம் உண்டு.

புதுப் பம்பு சில வாரங்களில் கெடுவதற்குப் பல வேளைகளில் பழைய எண்ணெயே காரணம். தேய்ந்த பம்பின் உலோகத் துகள்கள் குழாய்களில் தங்கியிருக்கும். அவற்றை வெளியேற்றாமல் புது எண்ணெய் ஊற்றுவது வீண்செலவு. காற்றை எடுப்பதற்கு முன்சக்கரங்களை உயர்த்தி, வண்டியைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்த வேண்டும். எஞ்சினை இயக்காமல் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக மெல்லத் திருப்பி, குறையும் எண்ணெயை நிரப்ப வேண்டும். பலர் தவறவிடும் படி இது.

பெல்ட்டிலிருந்து மின்மோட்டாருக்கு

1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டியரிங் வந்தது. அது தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் எடுப்பதால் எரிபொருள் மிச்சமாகும். ஓட்டத்தின்போதே எஞ்சின் நின்றுவிடும் ஹைபிரிட் கார்களுக்குப் பெல்ட் பம்பு பொருந்தவும் இல்லை. 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் மின்முறையையே மேற்கொண்டது. பெரும்பாலான புதிய கார்களின் ஸ்டியரிங்கில் எண்ணெயும் கப்பியும் இல்லை. ஆனால் மின் ஸ்டியரிங்கை மாற்றியபின் கணினிக் கருவியால் அளவமைக்க வேண்டியிருப்பதால், வீட்டுக் கருவிப்பெட்டி மட்டும் அதற்குப் போதுவதில்லை. கனரக லாரிகளில் ஹைட்ராலிக் பம்பு இன்னும் சுழல்கிறது.